ரயில்வேயில் இருப்பதாகச் சொல்லப்பட்டவன்

வண்டியை விட்டுவிட்டு ரயிலேறுகிறவர்கள் திரும்பி வரும்வரை அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பதுதான் எங்கள் தொழில். இதற்குப் படிப்பு தேவையில்லை என்பார்கள். நான் இயற்பியலில் முதுகலை முடித்திருந்தேன். அது இடைஞ்சலாக இருந்ததே தவிர உதவியதில்லை.

கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்தவர்கள், லாட்ஜில் சாவி எடுத்து நீட்டியவர்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் எண்ணி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. அடுத்தவர் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறவனை யாரும் முகம் பார்ப்பதில்லை. பொருள் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதலில் அது வருத்தமாக இருக்கும். போகப் போக, முகத்தைப் பார்க்காமல் இருந்தாலே போதும் என்று ஆகிவிடும்.

தேனி ரயில் நிலையத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டை என் தாய்மாமன் குத்தகைக்கு எடுத்திருந்தார். போடியிலிருந்து காலையில் வரும் மீட்டர்கேஜ் ரயில் மதுரைக்குப் போகும். பொழுது சாயத் திரும்பி வரும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சைக்கிளிலும் மொபெட்டிலும் வந்து, வண்டியை எங்களிடம் விட்டுவிட்டு ரயிலேறுவார்கள். சின்னமனூர், கம்பம் பக்கத்து ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கி எங்களைக் கடந்து போவார்கள். 1996-இல் நான் அங்கே போய் நின்றபோது, வேறு வேலை கிடைக்கும்வரை என்றுதான் பேச்சு. பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-இல் ரயிலை நிறுத்தும்வரை அங்கேயே நின்றேன்.

அப்பா தேனி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தார். பையன் என்ன செய்கிறான் என்று கடையில் கேட்டவர்களிடம், "ரயில்வேயில வேலை" என்று சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்ன பிறகு அவரால் அதைத் திரும்பப் பெற முடியவில்லை. கடைச் சரக்கு விஷயமாக அவ்வப்போது மதுரைக்கு ரயிலில் போவார். அந்த நாட்களில் தன் சைக்கிளை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைச் சுவரில் சாத்திவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டிப் பின்பக்கமாகப் பிளாட்பாரத்தில் ஏறிக்கொள்வார். எங்கள் ஸ்டாண்டு வழியாக வர மாட்டார். மாமாவுக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் மாமாவுக்குத் தெரியும்.

எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அப்பா ஒரு நாளாவது அந்தச் சைக்கிளை எங்களிடம் கொண்டுவந்து விட வேண்டும். நாலு பேர் பார்க்க நிறுத்திவிட்டு, "ஏலே, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும்.

எண்பத்தெட்டு

அட்டை டோக்கனை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை ஹேண்டில்பாரில் சொருகி, மறுபாதியை ஆளிடம் கொடுப்பதுதான் ஆதியில் எங்கள் வழக்கம். ஆடி மாதக் காற்றில் ஹேண்டில்பாரில் எதுவும் நிற்காது. அதனால் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியின் சீட்டில் சாக்பீஸால் எண் எழுதிவிட வேண்டும். அதே எண் போட்ட தகர வில்லையை ஆளிடம் கொடுக்க வேண்டும். வண்டி எடுக்க வரும்போது வில்லையை வாங்கிக்கொண்டு, சீட்டைத் துண்டால் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும். காகிதச் செலவு மிச்சம். ஆனால் மாலை ரயில் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். அந்த நெரிசலில் யார் துடைப்பது?

ஒரு முகூர்த்த நாளில் எங்கள் வாடிக்கைக்காரரான இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் மதுரையிலிருந்து இறங்கி, கறுப்புப் பேண்ட்டும் மடிப்புக் கலையாத சட்டையுமாக அப்படியே சைக்கிளில் ஏறி ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார். சீட்டில் நான் எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தேன். வேறு எண்ணாக இருந்தால் துணியில் இடம் வலம் மாறிப் பதிந்து, ஏதோ அழுக்கு என்று தோன்றியிருக்கும். எட்டு எப்படித் திருப்பினாலும் எட்டுதான். கல்லூரியில் படித்த ஒளியியல் எனக்கு நினைவுக்கு வந்த ஒரே சந்தர்ப்பம் அது. மறுநாள் காலையில் அவர் வந்தபோதுதான் துடைக்காமல் விட்டது நினைவுக்கு வந்து, நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் எந்திரிச்சுப் பந்திக்குப் போறேன், மண்டபமே சிரிக்குது தம்பி. மொய் எழுதுறவன் கேக்குறான், 'எம்பத்தெட்டாவது ஆளாண்ணே நீங்க? இலை இன்னும் அம்புட்டுத் தூரம் வரலையே'ன்னு."

ஒரே சாவி

அந்தக் கால மொபெட்டுகளில் சாவி தேய்ந்துவிட்டால் அது எந்த வண்டிக்கும் சேரும். மாலை ரயில் வருவதற்கு முன்னால் வண்டிகளையெல்லாம் ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைப்பது எங்கள் முறை. ஆட்கள் வந்ததும் இழுத்துக்கொண்டு நிற்காமல் ஏறிப் போய்விடலாம். அன்று திருப்பி வைத்தவன் நான். இரண்டு நீலநிற மொபெட்டுகள் இடம் மாறிவிட்டன. வீரபாண்டிக்காரர் ஒருவர், காலையில் தான் நிறுத்திய இடத்தில் நின்ற வண்டியில் தன் சாவியைப் போட்டுக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வில்லையை வாங்கி எண்ணைச் சரிபார்க்க வேண்டியவனும் நான்தான். கையை நீட்டினேன், அவர் போட்டார். நான் எண்ணைப் பார்க்கவில்லை.

அவர் எடுத்துப்போன வண்டி ஒரு நர்ஸம்மாவுடையது. வண்டி இல்லை என்றதும் அந்தம்மா சத்தம் போட, கூட்டம் கூடிவிட்டது. "ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடுங்க" என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். நல்ல மனிதர். எங்கள் தவறை அவர் ஏன் சுமக்க வேண்டும்? பொறுமையாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "இவங்க ரயில்வே ஆளுங்க இல்லம்மா. வெளியாளுங்க. குத்தகைக்கு எடுத்து நடத்துறாங்க" என்றார். கூட்டத்தில் அப்பாவின் கடையில் சட்டைத் துணி கிழித்துக் கொடுக்கிறவர் ஒருவர் நின்றிருந்தார். அவர் காதில் அது விழுந்ததா, நான் யாரென்று அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா நர்ஸம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். வீரபாண்டிக்காரர் மறுநாள் காலை, ஒன்றும் நடக்காததுபோல் அந்தம்மாவின் வண்டியிலேயே வந்து இறங்கினார். நானும் மாமாவும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்.

"அந்தம்மா வண்டி மேட்டுல சும்மா பிச்சுக்கிட்டு ஏறுது தம்பி. என் வண்டி இந்தச் சென்மத்துல ஏறாது. அவுகளுக்குச் சம்மதமான்னு நைசாக் கேட்டுப் பாரேன், மாத்திக்கிருவோம்."

நிழல்

அப்பாவின் முதலாளி மதுரைக்குக் காரில் போகிறவர். ஒரு தீபாவளிச் சமயம் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், ரயிலில் போகலாம் என்று கிளம்பிவிட்டார். அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நேராக எங்கள் ஸ்டாண்டுக்குள் வந்து நிறுத்தினார். டீக்கடைச் சுவரில் சாத்தலாம் என்று ஸ்கூட்டர் வைத்திருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? இறங்கியதும் முதலாளி, "உங்க பையன் இந்த ஸ்டேஷன்லதான இருக்கான்? கூப்பிடுங்க, ஒரு பார்வை பாத்துட்டுப் போவோம்" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். கையில் வில்லைகள் கோத்த கம்பி.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "டூட்டியில இருப்பான் முதலாளி. இப்பப் போய்க் கூப்பிட்டா நல்லாருக்காது" என்றார். முதலாளிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "அதுஞ்சரிதான். வேலைன்னா அப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பிளாட்பாரத்தைப் பார்த்து நடந்தார். நான் சீட்டில் எண்ணை எழுதிவிட்டு வில்லையை நீட்டினேன். முதலாளி முன்னால் போய்விட்டதால் அப்பாதான் வாங்க வேண்டியிருந்தது. முதலாளி அதற்குள் திரும்பி நின்று இவருக்காகக் காத்திருந்தார். அப்பா என் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினார். என்னிடம் அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசியது அந்த ஒருமுறைதான்.

"வண்டிய நெழலாப் பாத்துப் போட்டுக்குங்க தம்பி."

கவர்மெண்டு சம்பளம்

அன்று இரவு வீட்டில் அப்பாவும் நானும் அடுத்தடுத்து உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். ரயில்வேக்காரன் ஆவது அவ்வளவு கடினமில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ரயில் தாமதமானால் போதும். ஆண்டிபட்டிக் கணவாயில் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிட்டால், கம்பம் போகிற பஸ் ரயிலில் வருகிறவர்களுக்காகக் காத்திருக்காது. கம்பம் போய்ச் சேர்ந்தாலும் அங்கிருந்து ஊர்களுக்குப் போகும் டவுன் பஸ் இருக்காது. அந்த நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கதவு சாத்தியிருக்கும். திறந்திருப்பது எங்கள் ஸ்டாண்டு. காக்கிச் சட்டை போட்டிருப்பது நான். கிரீஸ் பட்டால் தெரியாது என்பதற்காக மாமா தைத்துக் கொடுத்தது.

அப்படி ஒருநாள், கூடலூர் போக வேண்டிய ஒரு அம்மா மூட்டையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். மகள் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். ராத்திரி எங்கே தங்குவது என்பது அவர் கேள்வி. நான் ரயில்வே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா சொன்னதை ஒருவராவது நம்புகிறாரே என்று இருந்தது. தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கம்பம் பக்கம் போகிற ஒரு குடும்பத்தின் ஜீப்பில் மாமா அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த அம்மா விடவில்லை. வண்டி நகர நகரத் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"மாசம் பொறந்தாக் கவர்மெண்டு சம்பளம் வாங்குறீகல்ல? இருக்குறது ஒத்த ரயிலு, அதையும் நேரத்துக்குக் கொண்டாந்து சேக்கத் துப்பில்ல!"

திரும்பிய முகம்

என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவன் ஒருவன், மதுரையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருநாள் பேண்ட் சட்டை, தோளில் பை சகிதம் சைக்கிளில் வந்து நின்றான். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு தினமும் வந்தான். தினமும் அவன் வரும் நேரத்துக்கு எனக்கு உள்ளே ஏதாவது வேலை இருக்கும். அவன் வண்டியை மாமாவே வாங்கி வைத்தார்.

ஒரு மழை நாளில் மாமா வரவில்லை. அவன் வந்துவிட்டான். நான் பின்பக்கமாக நகர்ந்தேன். முதுகு ஒரு சைக்கிளில் இடித்தது. அது அடுத்ததன்மேல் சாய, அது அதற்கடுத்ததன்மேல் சாய, வரிசை முழுவதும் கடைசிவரை விழுந்து ஓய்ந்தது. உங்களுக்கும் நேர்ந்திருக்கும், ஆரம்பித்தபின் அதை நிறுத்த முடியாது, முடியும்வரை பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அவன் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாக என்னோடு சேர்ந்து தூக்கி நிறுத்தினான். கடைசி சைக்கிளைத் தூக்கும்போதுதான் பேசினான்.

"டேய், நான் லெக்சரர்லாம் இல்லடா. மதுரையில ஒரு காலேஜ் வாசல்ல ஜெராக்ஸ் கடையில நிக்கிறேன். உன்கிட்டயாவது சொல்லலாம்னு எத்தன நாளா வந்து பாக்குறேன், நீ மூஞ்சியக் காட்டுனாத்தான?"

பாஸ்

காமயகவுண்டன்பட்டிக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்பா, "ரயில்வேயில வேலை" என்றுதான் சொன்னார். மாமா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். நான் தட்டில் இருந்த மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்த பிறகு மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "எங்கய்யாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள். எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மாமனார் முந்திக்கொண்டார். "மாப்ள, ரயில்வேயில குடும்பத்துக்கெல்லாம் பாஸ் குடுப்பாகளாம்ல? மதுரை வரைக்கும் ஒரு எட்டுப் போகணும். எனக்கும் உங்க அத்தைக்கும் போட்டுக் குடுங்க."

நான் கவுண்டரில் வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினேன். அப்போதெல்லாம் சின்ன அட்டையில் அச்சடித்த டிக்கெட். அதை ஒரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை மாட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் வைத்து அவரிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம், "மருமகன் ரயில்வே" என்றார். அத்தை தோட்டத்துத் திராட்சை ஒரு பை நிறையக் கொடுத்தார்.

அதன் பிறகு அவர்களுக்கு மதுரையில் அடிக்கடி வேலை வந்தது. ஒவ்வொரு தடவையும் உறை கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் திராட்சை வந்தது. என் மகள் பிறந்து, பெயர் வைக்கும் விசேஷத்தன்று பந்தியில் மாமனார் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசத்தை ஊற்றிவிட்டுப் பரிமாறுகிறவர் நகர்ந்ததும், என் காதருகே குனிந்தார்.

"பாஸ் குடுத்ததெல்லாம் சரிதான் மாப்ள. அடுத்தவாட்டி வெலை அச்சடிக்காத அட்டையாப் பாத்து வாங்குங்க."

மலைக்குள்ளே ஒரு வேலை

பொட்டிப்புரத்திலிருந்து ஒரு விவசாயி வாரத்தில் சில நாள் தேனி மார்க்கெட்டுக்கு வருவார். எல்லோரும் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறுவார்கள். இவர் பஸ்ஸில் வந்து இறங்கி, எங்களிடம் மாதக் கணக்கில் போட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கமிஷன் கடைகளைச் சுற்றிவிட்டு, மறுபடி எங்களிடம் போட்டுவிட்டு பஸ்ஸேறுவார். நான் என்ன படித்தேன் என்பதை மாமா அவரிடம் சொல்லியிருந்தார். ஒருநாள் பரபரப்பாக வந்தார். அவர்கள் ஊர்ப் பக்கம் மலையைக் குடைந்து உள்ளே ஏதோ ஆராய்ச்சிக்கூடம் வைக்கப் போகிறார்களாம். அதிகாரிகள் வந்து போகிறார்களாம். "உங்க படிப்புத்தான் தம்பி. என்னன்னு கொஞ்சம் வெளங்கச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். வானத்திலிருந்து சில துகள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவை எதிலும் முட்டாமல் மனிதன், மலை, பூமி எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து மறுபக்கம் போய்விடும். யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் மலை தடுத்துவிடும் என்பதால், மலைக்கு அடியில் உட்கார்ந்து காத்திருந்தால் அதில் ஒன்றிரண்டு எப்போதாவது அகப்படும். மேஜைமேல் சாக்பீஸால் மலையை வரைந்து, சுரங்கத்தை வரைந்து, அம்புக்குறி போட்டேன். அவர் ரொம்பக் கவனமாகக் கேட்டார். நடுவில் ஒருவர் வண்டி எடுக்க வந்தபோதுகூட, "இருங்கப்பா, தம்பி பேசிக்கிட்டு இருக்காகல்ல" என்று அவரை நிறுத்திவைத்தார். அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. எனக்கு வியர்த்திருந்தது. முடித்ததும் அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நிஜமான மரியாதை இருந்தது.

"இம்புட்டு வெவரம் தெரிஞ்சு வச்சிருக்கீகளே தம்பி! அங்கன வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுப்பாகன்னு பேசிக்கிறாக. எழுதிப் போடுங்க. உங்களுக்குப் பழக்கமும் இருக்குல்ல."

கடைசி வாரம்

ரயிலை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அதுவரை அதில் ஏறாதவர்கள் எல்லோரும் ஒருமுறை ஏறிப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஸ்டாண்டில் இடமில்லாமல் போன ஒரே வாரம் அது. மாமா அதைப் பார்த்து, "தினமும் இப்பிடி வந்திருந்தா இவங்கெ எதுக்கு நிறுத்தப் போறாங்கெ" என்று முனகிக்கொண்டே வண்டிகளைத் தள்ளி வைத்தார்.

அப்பா கடையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. இப்போதெல்லாம் சைக்கிளை ஓட்டுவதில்லை. பிடிமானத்துக்காக உருட்டிக்கொண்டு நடப்பார். அந்த வாரத்தில் ஒரு காலை, அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் ஸ்டாண்டுக்குள் வந்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். நான் எழுந்து நின்றேன். மாமா வேறு பக்கம் பார்த்தார். "அந்த டீக்கடைச் சுவத்தை இடிச்சுப்புட்டாங்கெ. வேற எங்கன சாத்துறது?" என்றார் அப்பா. அதனால்தான் வந்திருக்கிறார். இருந்தாலும் சைக்கிளை நான் இரண்டு கையாலும் வாங்கி முதல் வரிசையில் நிறுத்தினேன். ரயிலில் ஏறவில்லையா என்று கேட்டதற்கு, கூட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். போகிறவர்கள் வருகிறவர்களைப் பார்த்தார். அவர் அங்கே உட்கார்ந்திருந்ததே எனக்கு எப்படியோ இருந்தது. ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தேன். குடித்தார்.

அன்றுதான் என் மகளின் வகுப்பை ரயிலில் ஆண்டிபட்டி வரை கூட்டிப்போய், பஸ்ஸில் திருப்பி அழைத்து வருவதாகப் பள்ளியில் ஏற்பாடு. அவள் ஐந்தாம் வகுப்பு. அப்பா ரயில்வே என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்தது தாத்தாதான், நான் திருத்தவில்லை. அவளை ஸ்டேஷன் பக்கம் கூட்டி வந்ததுமில்லை. முந்தின நாள் அவளிடம், "அப்பா டூட்டியில இருப்பேன், தேடாத" என்று சொல்லி வைத்தேன். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து, எங்கள் வேலியை ஒட்டி வருவது தெரிந்தது. என் மகள் சிநேகிதிகளோடு வருகிறாள். காக்கிச் சட்டையும் கையில் வில்லைக் கம்பியுமாக அவள் என்னைப் பார்த்துவிட்டால், அவள் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரமத்தை அவளுக்குக் கொடுக்கக் கூடாது. நான் வரிசைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழலாத ஒரு செயினைப் பிடித்துக்கொண்டேன். சக்கரங்களுக்கு நடுவே கறுப்பு ஷூக்களும் வெள்ளை சாக்ஸுகளும் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு ஜோடி நின்றது. குதிகால் உயர்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "வரிசையில வா" என்று டீச்சர் குரல் கேட்டது. ஷூக்கள் நகர்ந்தன. ரயில் ஊதிக்கொண்டு கிளம்பிப் போன பிறகுதான் நான் எழுந்தேன். கையெல்லாம் கிரீஸ். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தார். டீக் கிளாஸ் கையிலேயே இருந்தது. என்னைப் பார்க்காமல் ரயில் போன திசையைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே, எதுக்குடா ஒளிஞ்ச? அந்தப் பிள்ள ஸ்டேஷன் பக்கம் திரும்பவே இல்ல. இங்கனயேதான் எட்டி எட்டிப் பாத்துட்டுப் போகுது."

எங்கள் ஸ்டாண்டில் வண்டி எதுவும் தொலைந்ததாகப் பெயரில்லை. அதைப் பார்த்துக்கொள்ள நின்றவன்தான் அவ்வப்போது காணாமல் போயிருக்கிறான்.